பழைய பீட்டிலில் முந்தையவர்கள் செய்த ஒட்டுவேலை: எதிலிருந்து பிரிப்பது?

புதுச்சாவி (கேள்வி)

வணக்கம். 1972 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார், 1600 இரட்டை போர்ட் இன்ஜின், 12 வோல்ட், டைனமோ, சோலெக்ஸ் 34 பிக்ட்-3 கார்புரேட்டர். பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. தரைவிரிப்பைத் தூக்கினால்தான் வண்டியின் லட்சணம் தெரிகிறது. இதுவரை கண்ணில் பட்டவை:

ஓட்டுநர் பக்கத் தரைத் தகட்டின் மேல் இன்னொரு தகட்டை வைத்து பாப் ரிவெட் அடித்து, ஓரமெல்லாம் சிலிக்கான் பூசியிருக்கிறார்கள். கதவுக்குக் கீழே ஹீட்டர் சேனலை (சூடான காற்று போகும் பெட்டிக்குழாய்) ஸ்குரூடிரைவரால் குத்தினால் மஞ்சள் ஃபோம் வருகிறது. ஃபியூஸ் பெட்டியில் இரண்டு இடங்களில் ஃபியூஸுக்குப் பதில் அலுமினியத் தாள். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரே நிறத்தில், முறுக்கி டேப் சுற்றிய வயர்கள். கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் ஹோஸில் கிளிப் கிடையாது. பிரேக் ஆயில் கறுத்துப்போய், விரலில் வழவழவென்று ஒட்டுகிறது.

வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஓடுகிறது. ஒரேயடியாக எல்லாவற்றையும் கழற்றிவிடுவதா, இல்லை ஒவ்வொன்றாகப் போவதா? எந்த வரிசையில்?

பழைய_இரும்பு

ஒரேயடியாகக் கழற்ற வேண்டாம். ஓடுகிற வண்டியைப் பிரித்துப் பெட்டிகளில் போட்டுவிட்டால் எந்தக் கோளாறு எங்கிருந்து வந்தது என்று சோதித்துப் பார்க்கும் வழியே போய்விடும். பாதி பிரித்த நிலையில் கைமாறும் வண்டிகள் பெரும்பாலும் இப்படி ஆரம்பித்தவைதான். தீப்பிடிக்கக்கூடியது முதலில், பிரேக் அடுத்து, தாங்கும் இரும்பு மூன்றாவது. மற்றதெல்லாம் காத்திருக்கும். முதல் இரண்டும் முடியும்வரை வண்டி ரோட்டுக்குப் போகக் கூடாது.

பெட்ரோல். டேங்க் முன்னால், இன்ஜின் பின்னால் இருக்கிறது. டேங்கிலிருந்து இரும்புக் குழாய் நடு டனலுக்குள் (தரையின் நடுவே நீளவாக்கில் ஓடும் கூடு) ஓடி, கியர்பாக்ஸ் அருகே வெளியே வரும். அங்கே ஒரு ரப்பர் ஹோஸ், பிறகு இன்ஜினின் முன்தகட்டைத் துளைத்துக்கொண்டு போகும் குழாய், அதன் பிறகு பம்ப், கார்புரேட்டர். ரப்பர் எங்கெல்லாம் வருகிறதோ அத்தனையையும் மாற்றுங்கள். பார்க்க நன்றாக இருக்கும் துண்டையும் விட்டுவைக்காதீர்கள். துணி பின்னிய பழைய வகை ஹோஸ் உள்ளே வெடித்திருந்தாலும் வெளியே காட்டாது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட, 5 மி.மீ. உள்விட்ட ஹோஸ் வாங்குங்கள். துளையிட்ட பட்டை கொண்ட சாதாரண திருகு கிளிப் இந்தச் சின்ன ஹோஸை அறுத்துவிடும். பட்டை வழவழப்பாக இருக்கும் இன்ஜெக்ஷன் வகை கிளிப்தான் வேண்டும்.

மூன்று இடங்களைக் கண்டிப்பாகப் பாருங்கள். முதலாவது, கார்புரேட்டரில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழல். அது அழுத்திச் செருகப்பட்டது மட்டுமே. காலப்போக்கில் தளர்ந்து ஹோஸோடு கழன்று வரும். பெட்ரோல் நேராக, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் கொட்டும். விரலால் பிடித்துத் திருகிப் பார்த்து, துளி அசைந்தாலும் கழற்றி, துளையில் மரை வெட்டி, திருகும் வகைக் குழல் போடுங்கள். இரண்டாவது, முன்தகட்டில் குழாய் நுழையும் துளைக்கான ரப்பர் வளையம். அது இல்லையென்றால் தகட்டின் விளிம்பு குழாயை ராவிக்கொண்டே இருக்கும். மூன்றாவது, இன்ஜின் அறையில் தொங்கும் பிளாஸ்டிக் ஃபில்டர். அதன் எடை அந்தத் தளர்ந்த குழலைத்தான் இழுக்கிறது. அங்கிருந்து எடுத்து டேங்குக்கு அடியிலோ கியர்பாக்ஸ் பக்கமோ மாற்றுங்கள்.

பிரேக். விரலில் வழவழப்பு என்றீர்களே, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அந்த ஆயிலை நாலு சொட்டு விடுங்கள். சரியான பிரேக் ஆயில் கரைந்துவிடும். மேலே மிதந்தால் யாரோ இன்ஜின் ஆயிலோ ஹைட்ராலிக் ஆயிலோ ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியானால் ஆயிலை மாற்றி ப்ளீட் செய்வதால் (குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுவதால்) பயனில்லை. தாது எண்ணெய் பட்ட ரப்பர் எல்லாம் ஊறி வீங்கியிருக்கும்: மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரங்களின் வீல் சிலிண்டர்களோ காலிப்பர் சீல்களோ, நான்கு வளையும் ஹோஸ்கள், ரிசர்வாயர் ரப்பர்கள் எல்லாமே மாற வேண்டும். இரும்புக் குழாய்களை டினேச்சர்ட் ஸ்பிரிட் விட்டுக் கழுவி, காற்றடித்து உலர்த்தலாம். தரைப் பக்கம் துரு ஏறியிருந்தால் அதுவும் புதிதுதான்: 4.75 மி.மீ. குழாய், எம்10x1 நட். குழாய் நடுவில் அழுத்து இணைப்பு போட்டு ஒட்டியிருந்தால் அதை உடனே வெட்டி எறியுங்கள். அது தண்ணீர்க் குழாய்க்கு உரியது.

புது மாஸ்டர் சிலிண்டர் மாட்டியதும் பிரேக் பெடலின் தள்ளுதண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே 1 மி.மீ. இடைவெளி இருக்கிறதா பாருங்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, சூடேறச் சூடேற பிரேக் தானே இறுக்கும். அதை டிரம் கோளாறு என்று நினைத்து ஷூவைத் தேய்த்தே தீர்த்தவர்கள் உண்டு.

எர்த்_வயர்

பழைய இரும்பு சொன்ன வரிசைதான். ஆனால் பேட்டரி எர்த்தை இன்றே கழற்றி வையுங்கள். அலுமினியத் தாள் வைத்த ஃபியூஸ் பெட்டியோடு ஒரு ராத்திரி நிறுத்துவதும் ஆபத்துதான்.

பின் சீட்டைத் தூக்குங்கள். வலப்பக்கம் பேட்டரி, இடப்பக்கம் ரெகுலேட்டர். பேட்டரிக்கு மூடி இருக்கிறதா? சீட்டின் ஸ்பிரிங் கம்பி இறங்கி பிளஸ் முனையில் பட்டால் சீட்டுப் பஞ்சு தீப்பிடிக்கும். இந்த வண்டிக்கே பேர்போன கோளாறு அது. உயரமான வேறு அளவு பேட்டரியை முந்தையவர் வைத்திருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். பேட்டரிக்கு அடியில் தகட்டையும் குத்திப் பாருங்கள், ஆசிட் அரித்திருக்கும்.

ஃபியூஸ்: வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16 ஆம்பியர். தாள் வைத்தவர் சோம்பலில் வைக்கவில்லை, அந்த வட்டத்தில் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. புது ஃபியூஸ் மாட்டும் முன் அந்த இடத்தில் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை இரண்டு வயரோடு இணையுங்கள். அந்த வட்டத்தில் உள்ள எல்லாவற்றையும் அணைத்துவிட்டு பேட்டரியைக் கொடுத்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. இப்போது வயர் கட்டை ஒவ்வோர் இடமாக அசைத்துக்கொண்டே போங்கள். எங்கே பல்பு மினுக்குகிறதோ அங்கேதான் தோல் உரிந்திருக்கிறது. ஒரு ஃபியூஸும் வீணாகாது.

ஒரே நிற வயரைப் பார்த்து மிரள வேண்டாம். நிறம் போனாலும் எண்கள் போகாது. ஜெர்மன் வண்டிகளில் சுவிட்ச், ரிலே, காயில் முனைகளில் எண் பொறித்திருக்கும்: 30 பேட்டரியிலிருந்து நேரடி, 15 சாவி திருப்பினால் வருவது, 31 எர்த், 50 ஸ்டார்ட்டர், 49 ஃப்ளாஷர், 56 ஹெட்லைட் சுவிட்ச் வெளியீடு, 56ஏ ஹை பீம், 56பி லோ பீம், 58 பார்க்கிங். அசல் நிறங்களும் அதற்கேற்பத்தான்: பழுப்பு எர்த், சிவப்பு நேரடி, கறுப்பு சாவி. வயரிங் படத்தை அச்செடுத்து, சோதித்து முடித்த கோட்டின் மேல் பேனாவால் வண்ணம் தீட்டிக்கொண்டே போனால் மிச்சம் என்ன என்று தெரியும். எங்கேயும் போய்ச் சேராத வயர்கள் நிறைய அகப்படும். பழைய ஸ்டீரியோ, அலாரம், பனி விளக்கு. அவற்றை மூலம்வரை பின்தொடர்ந்து எடுங்கள், நடுவில் வெட்டி விடாதீர்கள்.

எர்த்தைப் பற்றி ஒன்று. கியர்பாக்ஸின் முன்மூக்கிலிருந்து பாடிக்கு ஒரு பின்னல் பட்டை வர வேண்டும். இன்ஜினை இறக்கி ஏற்றுபவர்கள் அதைத் திரும்ப மாட்ட மறப்பார்கள். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மின்னோட்டம் கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும்; கேபிள்கள் சூடாகி உறையோடு ஒட்டிக்கொள்ளும். கேபிள் அடிக்கடி அறுகிறது என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சோதனை: காயிலின் நடு வயரைப் பிடுங்கி எர்த் செய்துவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மற்றதை இன்ஜின் உடம்பிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழி சரியில்லை.

டனல்_வெல்டர்

தகரப் பக்கம் என் வேலை.

கண்ணுக்குத் தெரிவது பாதிதான். ஃப்ரிட்ஜில் ஒட்டும் சின்ன காந்தத்தை எடுத்து கதவின் கீழ் விளிம்பு, பின் ஃபெண்டர் சேரும் இடம், முன்சக்கரத்துக்குப் பின்னால், ஸ்பேர் வீல் குழி, பின்கண்ணாடிக்கு அடியில், பம்பர் தாங்கி எல்லாவற்றிலும் நகர்த்துங்கள். வழுக்கி விழும் இடம் பட்டி. பெயின்ட் தடிமன் மீட்டர் இருந்தால் 1000 மைக்ரானைத் தாண்டும் எதுவும் பெயின்ட் அல்ல. பட்டி போடுவது குற்றமில்லை, 2 மி.மீ.க்குள் நல்ல இரும்பின் மேல் இருந்தால் சரி. ஓட்டையை மூட ஃபைபர் வலை வைத்து அதன் மேல் பூசியதுதான் ஆபத்து.

ஹீட்டர் சேனல் அலங்காரத்துக்கு இருப்பதல்ல. பீட்டிலில் பாடியும் தரைத்தளமும் தனித்தனி. இரண்டையும் பிணைக்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் இந்தச் சேனலுக்கு அடியில்தான் இறங்குகின்றன. பாடியின் இரு பக்கத்து முதுகெலும்பு அதுதான். ஃபோம் அடைத்தவர் அதன் உள்ளே ஈரத்தை வருடக்கணக்கில் பிடித்துவைக்க ஏற்பாடு செய்திருக்கிறார். ஃபோமை முழுதாகக் கையால் சுரண்டி எடுக்காமல் பக்கத்தில் வெல்டிங் குச்சியைக் கொண்டுபோகவே கூடாது. பற்றிக்கொள்ளும், புகையும் நச்சு.

ரிவெட் அடித்த தகட்டைக் கழற்றும் முன் செய்ய வேண்டியது: கதவுகளை மூடிய நிலையில் சுற்றிலும் இடைவெளியை அளந்து எழுதுங்கள். பிறகு கதவைத் திறந்து, முன் தூணுக்கும் பின் தூணுக்கும் இடையே 25 மி.மீ. சதுரக் குழாயைக் கதவு வாசலில் மூலைவிட்டமாகவும் படுக்கையாகவும் பற்றவையுங்கள். இதைச் செய்யாமல் சேனலை வெட்டினால் பாடி நடுவில் இறங்கிவிடும். எல்லாம் முடிந்து அழகாகப் பெயின்ட் அடித்த பிறகு கதவு மூடாது. வண்டியை நிறுத்துவது முன் அச்சு பீமிலும் பின் டார்ஷன் குழாயிலும் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குக் குழாய்) ஸ்டாண்டு வைத்து. அழுகிய தரையிலோ ஜாக்கி குழலிலோ வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம். முதலில் தரைத் தகடு. சேனலுக்கு அடியில் போல்ட் பிடிக்க நல்ல இரும்பு இருந்தால்தான் புதுச் சேனல் சரியான இடத்தில் உட்காரும். பிறகு சேனலைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கி, அதன் பிறகே தூண்களோடு பற்றவையுங்கள். போல்ட்டுகள் எம்8, 13 மி.மீ. தலை. பாதி முறியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊடுருவும் எண்ணெய் முதல் நாளே விட்டு, சூடேற்றித் திருகினால் கொஞ்சம் மிஞ்சும். கனத்த செவ்வக வாஷர்களைத் தூக்கிப் போடாதீர்கள், சாதாரண வட்ட வாஷர் அந்தத் தகட்டில் இழுத்துக்கொண்டு போய்விடும். இடையில் வரும் ரப்பர் பட்டை புதிதாக வேண்டும்.

இன்னொன்று, இதைச் சத்தமாகவே சொல்கிறேன்: பெட்ரோல் குழாய் டனலுக்குள்தான் போகிறது. தரைத் தகட்டின் உள்விளிம்பு டனலோடுதான் சேருகிறது. டேங்கை இறக்கி வெளியே எடுத்து, குழாயைக் காற்றடித்துக் காலியாக்கி, இரு முனையும் அடைத்த பிறகே அங்கே தீப்பொறி. பேட்டரியும் கழன்றிருக்க வேண்டும்.

தகடு 1 மி.மீ. அல்லது 1.2 மி.மீ. பழைய தகட்டைப் பளபளக்கும் இரும்பு வரும்வரை வெட்டுங்கள். துரு மேல் துண்டு வைத்துச் சுற்றிலும் பற்றவைத்தால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் நின்று, ஓரிரண்டு மழைக்காலத்தில் புதுத் துண்டும் சேர்ந்தே போகும். விளிம்பு ஒன்றன் மேல் ஒன்று வந்தே ஆகும் இடத்தில் மேல் தகட்டில் 6 முதல் 8 மி.மீ. துளை, 30 மி.மீ. இடைவெளியில் போட்டு நிரப்பிப் பற்றவைப்பது நல்லது. இடையில் துத்தநாக ப்ரைமர். நேர்க்கோட்டில் 2 செ.மீ.க்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள், இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் போங்கள். இல்லையேல் தகடு சுருண்டு எழும். முடிந்ததும் இணைப்புகளில் சீம் சீலர், சேனலுக்குள் மெழுகு. மெழுகு கடைசியில்தான், அது பற்றும்.

பின் சீட்டுக்கு அடியில் டனல் மேல் சேஸிஸ் எண் பொறித்திருக்கும். அதைச் சுற்றி வெல்டிங் தழும்போ வெட்டு ஒட்டோ இருந்தால், எந்த வேலைக்கும் காசு போடும் முன் ஆவணத்தோடு ஒப்பிட்டு முடித்துவிடுங்கள்.

வட்டக்_கண்ணாடி

எர்த்_வயரோடு கொஞ்சம் வேறுபடுகிறேன். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு பத்துக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றாகத் திருத்துவதைவிட முழு வயரிங் கட்டு புதிதாகப் போடுவதுதான் மிச்சம். பீட்டிலுக்குத் தயாராகக் கிடைக்கிறது.

எர்த்_வயர்

போடலாம். ஆனால் பழைய கோளாறுகளை முதலில் கண்டுபிடித்துவிட்டு. சுவிட்சுக்குள் ஷார்ட் இருந்தால் புதுக் கட்டும் அதே இடத்தில் எரியும். பழைய கட்டை எடுத்துக் குப்பையில் போடாமல் தரையில் விரித்துவைத்து, புதியதை அதனருகே வைத்து முனைக்கு முனை ஒப்பிட்டுப் பாருங்கள். வருடத்துக்கு வருடம் முனைகள் மாறுகின்றன.

புதுச்சாவி

நன்றி. ஆயில் மிதந்தது, அதனால் பிரேக் முழுவதும் மாறுகிறது. பெட்ரோல் குழலும் கையோடு வந்துவிட்டது. ஜாக்கியில் ஏற்றியபோது இன்ஜினில் கவனித்தவை: அடியில் ஆயில் வலைத் தட்டைச் சுற்றி நீலச் சிலிக்கான் பிதுங்கியிருக்கிறது, ஒரு நட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பின்பக்கம் இன்ஜினைச் சுற்றி வர வேண்டிய தகடுகளில் சில இல்லை. ஐடிலில் நின்று நின்று போகிறது, கால் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்ஜினை இறக்கிவிட வேண்டியதுதானா?

காற்றுக்குளிர்

இறக்கும் முன் ஒரு சோதனை. இன்ஜின் நிற்கும்போது கீழ் கிராங்க் புல்லியை இரு கையால் பிடித்து உங்கள் பக்கம் இழுத்து, பிறகு தள்ளுங்கள். டொக் என்று ஆட்டம் தெரிந்தால் டயல் கேஜ் வைத்து அளக்கவும். 0.07 முதல் 0.13 மி.மீ. வரை சரி, 0.15 தாண்டினால் உடற்கூடான கேஸைப் பிரிக்க வேண்டிய இன்ஜின். அப்படியென்றால் கீழே நான் எழுதுவதில் காசு போட வேண்டாம்.

ஆயில் தட்டு: அந்த ஆறு எம்6 நட்டுகளுக்கு 7 நியூட்டன் மீட்டர்தான் முறுக்கம். அதாவது சின்ன ஸ்பேனரை இரண்டு விரலால் இழுப்பது. முழங்கை பலம் போட்டால் தட்டு வளையும், வளைந்தால் கசியும், கசிந்தால் இன்னும் இறுக்குவார்கள், மக்னீசியம் கேஸிலிருந்து ஸ்டட் மரையோடு வரும். சிலிக்கான் அதன் பிறகு வருவது. வெளியே பிதுங்கிய அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும், அது உதிர்ந்து வலையை அடைத்தால் ஆயில் அழுத்தம் போகும். கழற்றி, தட்டைக் கண்ணாடி மேல் வைத்து நேராக்கி, மரை போன இடத்தில் கேஸ் பக்கம் 8 மி.மீ., வெளிப்பக்கம் 6 மி.மீ. ஆன படி ஸ்டட் போடுங்கள். வலைக்கு மேலும் கீழும் ஒவ்வொரு காகித கேஸ்கட், ஆறு புது செம்பு வாஷர். சிலிக்கான் துளியும் வேண்டாம். ஆயில் 2.5 லிட்டர்.

தகடுகள் இல்லாததுதான் உங்கள் பட்டியலில் இன்ஜினைக் கொல்லப்போவது. காற்றால் குளிரும் இன்ஜினில் ஃபேன் மேலிருந்து குளிர்ந்த காற்றை எடுத்து, சிலிண்டர்கள் வழியே கீழே தள்ளுகிறது. மேலறையையும் கீழறையையும் பிரிப்பவை அந்தத் தகடுகளும் சுற்றிலும் வரும் ரப்பரும் பிளக் வயர்களில் உள்ள ரப்பர் மூடிகளும்தான். ஓர் ஓட்டை இருந்தாலும் சைலன்சரின் சூட்டையே ஃபேன் திரும்ப உறிஞ்சும். தெர்மோஸ்டாட்டோடு ஃபேன் கூட்டுக்குள் உள்ள ஃபிளாப்புகளையும் யாராவது பிடுங்கியிருந்தால் அவற்றையும் மாட்டுங்கள், காற்றைத் திசை திருப்புவதும் அவைதான்.

சூடேறி ஓடியிருந்தால் அதன் தடயம் வால்வில் இருக்கும். இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த நிலையில் எட்டு வால்வுக்கும் இடைவெளி 0.15 மி.மீ. வைத்துவிட்டு, 500 கி.மீ. கழித்துத் திரும்ப அளங்கள். 3ஆம் சிலிண்டரின் எக்சாஸ்ட் மட்டும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் வால்வுத் தண்டு நீள்கிறது. திரும்பத் திரும்பச் சரிசெய்து ஓட்டினால் வால்வின் தலை அறுந்து பிஸ்டனில் விழும். ஹெட்டைக் கழற்றுங்கள். பிளக்குகளையும் வெளியே எடுத்துப் பாருங்கள்: மரை நீளம் 12.7 மி.மீ. இருக்க வேண்டும். 19 மி.மீ. நீளப் பிளக் மாட்டிய வண்டிகள் உண்டு, அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்.

ஐடிலுக்கு: இந்தக் கார்புரேட்டரில் பெரும்பாலோர் தவறான திருகைத் திருகுகிறார்கள். த்ராட்டில் நெம்பில் வரும் திருகு ஐடில் வேகத்துக்கு அல்ல. இன்ஜின் சூடாகி சோக் முழுதாகத் திறந்த பிறகு, அது சோக்கோடு சேர்ந்து திரும்பும் படித்தகட்டைத் தொடும்வரை திருப்பி, அதற்கு மேல் கால் சுற்று. அத்தோடு அதை மறந்துவிடுங்கள். இடப்பக்கம் இரண்டு திருகுகள் உண்டு. சின்னதை மெதுவாக உள்ளே உட்காரவைத்து இரண்டரைச் சுற்று வெளியே எடுங்கள். பெரியதால் வேகத்தை நிமிடத்துக்கு 850 சுற்றுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு சின்னதை வெளியே திருப்பி வேகம் மிக அதிகமாகும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து வேகம் 20, 30 குறையும்வரை உள்ளே. மறுபடி பெரியதால் 850. இதற்கெல்லாம் கட்டுப்படாவிட்டால் காற்றுக் கசிவு. மேனிஃபோல்டின் நடுக் குழாய் இரு பக்கமும் சேரும் ரப்பர் பூட்டுகளும், மூடப்படாத வேக்குவம் குழலும்தான் முதல் சந்தேகம். பிந்தையது, டிஸ்ட்ரிபியூட்டரை வேக்குவம் இல்லாத 009 வகைக்கு மாற்றியவர்கள் விட்டுப்போவது. கால் வைத்ததும் ஒரு கணம் மூச்சடைக்கிறது என்றால் அதே மாற்றம்தான் காரணமாக இருக்கும்.

எக்சாஸ்ட்டைச் சுற்றிய ஹீட்டர் பெட்டிகளையும் சுத்தியால் தட்டிப் பாருங்கள். உள்குழாய் அரித்திருந்தால் புகை, நீங்கள் புதிதாகப் போடும் சேனல் வழியாகவே கேபினுக்குள் வரும். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. நல்ல பெட்டி கிடைக்கும்வரை ஹீட்டர் குழாய்களைக் கழற்றி, சேனலின் பின்வாயை அடைத்துவிடுங்கள்.

பழைய_இரும்பு

பின் டிரம்மைக் கழற்றப்போகிறீர்கள் என்பதால்: 36 மி.மீ. நட், முறுக்கம் சுமார் 300 நியூட்டன் மீட்டர். நட்டின் முகத்தில் உளி வெட்டு இருந்தால் முந்தையவர் சுத்தியலால் இறுக்கியிருக்கிறார். டிரம்மின் உள்பற்களைக் கட்டாயம் பாருங்கள், தளர்ந்து ஓடியிருந்தால் கத்தி முனைபோல் தேய்ந்திருக்கும். அந்த டிரம்மை வைத்து ஓட்டக் கூடாது. இறுக்கிய பிறகு காட்டர் பின்னுக்கான (நட் கழலாமல் தடுக்கும் கம்பி) துளை நேராக வராவிட்டால் இன்னும் இறுக்கி நேராக்குங்கள், தளர்த்தி நேராக்கக் கூடாது. சக்கரம் தரையில் இருக்கும்போதுதான் இறுக்க வேண்டும். ஜாக்கி மேல் வைத்து அவ்வளவு பலம் கொடுத்தால் வண்டி ஸ்டாண்டை விட்டு இறங்கிவிடும்.